தரம் 6 முதல் 11 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: வாய் திறக்கும் நேரம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பெறுபேற்று அறிக்கை வாங்க வரும்போது உங்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: “இங்கிலீஷுக்கு எழுபது மார்க் எடுக்கிறான், டவுன்ல யாராவது ரெண்டு வார்த்தை கேட்டா ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறான்?” இதற்கான பதில் நேரசூசியிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு வாரம் ஐந்து பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். வருடத்துக்கு 35 வாரம் என்று வைத்தால் ஏறத்தாழ 116 மணித்தியாலம். ஆறு வருடத்தில் 700. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சீ2 வரை ஆறு படிகள் உள்ளன. கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பரீட்சைகளை நடத்துகிறவர்களின் கணக்குப்படி ஐந்தாம் படியான சீ1க்கு 700 முதல் 800 மணித்தியாலமும், உச்சிப் படியான சீ2க்கு 1000 முதல் 1200 மணித்தியாலமும் வேண்டும். ஆக, மணித்தியாலம் பெரிதாகக் குறையவில்லை. குறைவது பேசும் நேரம். ஒரு பாடவேளையில் பாதி ஆசிரியரின் பேச்சிலேயே போய்விடும். மிச்சம் 20 நிமிடத்தை 38 பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரை நிமிடம்தான். வருடம் முழுக்கக் கூட்டினாலும் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம்தான்.

ரியூஷன் இதைச் சரிசெய்யாது. அங்கேயும் பிள்ளை நோட்ஸ்தான் எழுதுகிறது, ஒரே வித்தியாசம் அதற்குக் காசு கட்டுவதுதான். நாங்கள் கேட்பது இரவில் 20 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். அந்த ஒரு வாரப் பயிற்சி நேரம் மட்டுமே வகுப்பில் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரு வருடப் பேச்சு நேரத்தைவிட அதிகம்.

செய்ய வேண்டியது இதுதான். ஞாயிறு மாலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 40 வினாடி ஒலிப்பதிவு ஒன்று வரும். பிள்ளை முதலில் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு தரம் கேட்க வேண்டும். மூன்றாம் தரம் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குரல் அழுந்தும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு பதிவோடு சேர்ந்தே, அரை மூச்சுப் பின்னால் பேச வேண்டும். வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தால் பிள்ளை அதைத் தன் தமிழ்ச் சந்தத்தில் சொல்லிவிடும். சேர்ந்து பேசும்போது அதற்கு இடமில்லை. இப்படி ஐந்தாறு தரம் பேசியபின் போனில் பதிந்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். ஒரு இரவுக்கு ஒரு பிழையைத் திருத்தினால் போதும். ஆறு இரவும் அதே 40 வினாடிதான். மூன்றாம் நாள் சலிப்பு வரும், வேறொன்று கேட்பார்கள், கொடுக்காதீர்கள். சொற்கள் பழகிய பிறகுதான் காது ஓசைப் பக்கம் திரும்பும்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைக் கவனிப்பது போலக் காதால் கவனித்தால் போதும்: பதிவில் குரல் ஏறும் இடத்தில் பிள்ளையின் குரலும் ஏறுகிறதா, விழும் இடத்தில் விழுகிறதா?

ஆங்கிலமோ சிங்களமோ, கொப்பியில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிப் படிக்க விடவே வேண்டாம். சிங்களத்தில் மண்ணுக்கு ஒரு சொல், பஸ்ஸுக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ‘பஸ்’. மலைக்கு ‘கந்த’, மரத்தின் அடித்தண்டுக்கும் ‘கந்த’. மலையில் ‘ந்’ முழுசாக ஒலிக்கும், தண்டில் மூக்கைத் தொட்டுவிட்டு ஓடிவிடும். சிங்கள எழுத்தில் இரண்டும் வேறு வேறு, நம் எழுத்தில் ஒன்றுதான். (இந்தக் கடிதத்தில் நானும் அந்தப் பிழையைத்தான் செய்கிறேன், வேறு வழியில்லை.) பஸ்ஸின் முதல் எழுத்துக்குத் தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உதடு திறக்கும் முன்பே அதிர்வு தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் குண்டூசியைக் குறிக்கும் ‘பின்’னுக்கு வேறு சோதனை: வாய்க்கு முன்னால் மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்தால் அது ஆட வேண்டும். ஆடாவிட்டால் ஆங்கிலேயர் காதில் அது குப்பைத் தொட்டியைக் குறிக்கும் சொல்லாக விழலாம்.

சிங்களத்தைத் தொல்லையான கூடுதல் பாடமாக நினைக்கிறவர்கள் இதையும் பாருங்கள். ‘அ’வுக்கும் ‘எ’க்கும் நடுவே வாயை அகட்டிச் சொல்லும் உயிரொலி ஒன்று தமிழில் இல்லை; சிங்களத்தில் கண்ணைக் குறிக்கும் சொல் அதில்தான் தொடங்கும். ஆங்கிலத்தில் பூனைக்கும் தொப்பிக்கும் வேண்டியதும் அதே ஒலிதான். சிங்களத்தில் ‘பொத’ என்றால் தெரிந்த அந்தப் புத்தகம், ‘பொதக்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். இந்த வேறுபாடு காதில் ஏறிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘எ’, ‘த’ இரண்டையும் எங்கே போடுவது என்பது பாதி விளங்கிவிடும். ஆனால் பாடப்புத்தகச் சிங்களத்தை அப்படியே டவுனுக்குக் கொண்டுபோக முடியாது. எழுத்தில் ‘மம யமி’; பேச்சில் ‘மம யனவா’. பேச்சில் நான், நாங்கள், அவர் எல்லாருக்கும் அந்த ‘யனவா’ மாறாது. கொண்டக்டரிடம் ‘யமி’ என்பது, தமிழில் அவரிடம் “யான் செல்கின்றேன்” என்பது போல. டவுனில் கடைக்குப் போகும்போது பிள்ளையைப் பேச விட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

சொற்களுக்கு ஒரு சப்பாத்துப் பெட்டியும் வெட்டிய மட்டைகளும் போதும். பெட்டியை ஐந்து அறையாகத் தடுங்கள். முதல் அறையை தினமும், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை நான்கு நாளைக்கொரு தரம், நான்காவதை வாரம் ஒருமுறை, ஐந்தாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன மட்டை அடுத்த அறைக்குப் போகும், பிழைத்தது முதல் அறைக்குத் திரும்பும். தனிச்சொல்லை எழுதாமல் சேர்ந்து வரும் சொற்களை எழுதட்டும். நம் பலத்த மழை ஆங்கிலேயருக்குப் பாரமான மழை, ‘ஹெவி ரெயின்’. சாயம் கூடின தேத்தண்ணிதான் பலமானது, ‘ஸ்ட்ரோங் டீ’. ஒரு நாளைக்கு ஐந்து புது மட்டை, வருடத்தில் 300 நாள், ஆறு வருடத்தில் 9000. யாரையும் கேட்காமல் ஆங்கில நாவல் வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரே அடிச்சொல்லிலிருந்து வரும் சொற்கள் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்பது நியூசிலாந்து மொழியியலாளர் போல் நேஷன் 2006இல் போட்ட கணக்கு.

வீட்டில் யாரும் சிரிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் மண்டபமும் துளையும் நம் பிள்ளைகள் வாயில் ஒரே ‘ஹோல்’ ஆகிவிடும். இந்த நாட்டில் அதைக் கேலி செய்ய “நொட் பொட்” என்று ஒரு பட்டமே இருக்கிறது. அண்ணன் ஒருமுறை அப்படிச் சிரித்தால் தம்பி ஒரு மாதம் வாய் திறக்க மாட்டான். ‘பிறவியிலேயே பேசுகிறவர் மாதிரி’ என்ற எதிர்பார்ப்பையும் கொஞ்சம் தளர்த்துங்கள். சீ2 என்பது கூட அந்த மொழியில் பிறந்தவருக்குச் சமம் என்று பொருளல்ல என அந்த அளவுகோலே சொல்கிறது. நம் ஊர்ச் சாயல் இருக்கட்டும், கேட்பவர் “என்ன?” என்று திரும்பக் கேட்காத அளவு தெளிவு வேண்டும்.

மட்டைகளை வெட்டிப் பாடசாலை கொடுக்கும், பெட்டி உங்களுடையது. ஒவ்வொரு இரவும் பேசிய நிமிடத்தை ஆங்கிலக் கொப்பியின் பின்பக்கத்தில் பிள்ளை எழுத, நீங்கள் கையொப்பமோ கைநாட்டோ வையுங்கள். வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் பாடசாலை விட்டபின் நூலகத்தில் அரை மணித்தியாலம் இருந்து அதே பதிவைக் கேட்கலாம். கடைசி பஸ்ஸுக்கு முன் அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
அதிபர்