அம்மாவின் கண்கள் என்ன ஆயின? கண் வங்கிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறையில் கரண்ட் போய், உங்கள் சேகரிப்பு மையத்து ஃபிரிட்ஜில் இருந்த தானக் கருவிழிகள் கெட்டுப்போனது உங்களுக்கே தெரியும். அந்த ஃபிரிட்ஜில் இருந்தவற்றில் இரண்டு கருவிழிகள் என் அம்மாவுடையவை.

அம்மா போகியன்று விடியற்காலை இரண்டு மணிக்குத் தவறினார். வலங்கைமான் பக்கம் எங்கள் கிராமம். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்து முகாமில் யாரும் கேட்காமலே கண்தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்தினேன். மாரடித்துக்கொண்டு வந்த பெண்களை வாசலிலேயே நிறுத்தி, "கொஞ்சம் பொறுங்க, ஆஸ்பத்திரி ஆள் வரணும்" என்றேன். பெற்றவள் கிடக்கும்போது ஊரை அழவிடாதவன் என்ற பெயர் எனக்கு இன்னும் இருக்கிறது. கண்ணில்லாமல் அனுப்பினால் அடுத்த பிறவியில் அக்கா குருடாய்ப் பிறப்பாள் என்று தாய்மாமன் சத்தம் போட்டார். "ரெண்டு பேருக்குப் பார்வை வரும் மாமா" என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

ஐந்தரை மணிக்கு உங்கள் ஆள் வந்தார், சீக்கிரமே முடித்தார், அம்மா முகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை அதற்கு அப்புறம்தான். எடுத்த கருவிழியைத் திரவத்தில் போட்டு 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். 14 நாள் வரை காக்கும் திரவங்களும் உண்டு. நீங்கள் வைத்திருந்தது எம்.கே. திரவம், 4 நாள்தான் தாங்கும். போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். எண்ணிப் பாருங்கள். அறுவை நடக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. மாட்டுப் பொங்கல் இரவு கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, ஃபிரிட்ஜ் மட்டும் அந்த லைனில் இல்லை. அலுவலக அறை ஏ.சி. இருந்ததாம்.

கெட்டதை யாருக்கும் வைக்காமல் விட்டது சரிதான். ஆனால் அதை எங்களிடம் சொல்ல வேண்டாமா? மார்ச்சில் ஓர் ஊழியர் மனசு கேட்காமல் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் உங்கள் சான்றிதழை லேமினேட் செய்து அம்மா படத்துக்குக் கீழே மாட்டிவிட்டேன்.

நான் கேட்பது பெரிதல்ல. ஃபிரிட்ஜை ஜெனரேட்டர் லைனில் சேருங்கள். தானம் கொடுத்த வீட்டுக்கு, கொடுத்தது என்ன ஆனது என்று ஒரு வரி எழுதுங்கள். ஆராய்ச்சிக்கோ, இளம் டாக்டர்கள் அறுவை பழகவோ போனது என்றாலும் அம்மாவுக்குச் சந்தோஷம்தான். வீணானால் வீணானது என்று எழுதுங்கள்.

விதைநெல்லை வைக்கோல் கோட்டையாகக் கட்டி அடுத்த பட்டம் வரை காப்பாற்றிய மண் இது. இப்போதோ விளைந்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் மழையில் முளைக்கிறது. கஜா புயல் அடித்த 2018-இல் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்கு அப்புறமும் ஒரு ஃபிரிட்ஜுக்கு மாற்று ஏற்பாடு தோன்றவில்லை என்றால் என்ன சொல்ல? தீக்காயம் பட்டவர்களுக்காகத் தோல் வங்கியும் வர வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான், 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பகுதி இது. தானமாக வரும் தோலைக் கிளிசராலில் ஊறவைத்து 4 டிகிரியில் வைத்தால் 5 வருஷம் வரை இருக்கும். நான்கு நாள் காக்காதவர்களிடம் ஐந்து வருஷத்துக்கானதை எந்தத் தைரியத்தில் கொடுப்பது?

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. ஆகஸ்ட் 25-இல் கண்தான இருவாரம் தொடங்குகிறது, எங்கள் ஊருக்கும் முகாம் போட வருவீர்கள். தயவுசெய்து அதற்குள் அந்த லைனை மாற்றுங்கள், அந்த ஒரு வரியையும் எழுதுங்கள்.

"யாருக்குடா வச்சாங்க?" என்று மாமா பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். பெயர் சொல்லக்கூடாது, விதி அப்படி என்று சமாளித்து வருகிறேன். இந்த மடலோடு அதுவும் முடிந்தது. அதனால் பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம், அவர் பெயருக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கண் கொடுத்தவரின் மகன்