அரிப்பா, எரிச்சலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த தோல் நோய்க் கட்டுரை நல்ல கட்டுரைதான். ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை ‘தோல் எரிச்சல்’ என்ற ஒரே சொல்லை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். எரிச்சல் வேறு, அரிப்பு வேறு. எரியும் இடத்தில் கை வைக்கவே பயமாக இருக்கும். அரிக்கும் இடத்துக்குக் கை தானாகப் போகும். 1660ஆம் ஆண்டு சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் அரிப்புக்குச் சொன்ன இலக்கணமும் இதுதான்: சொறியத் தூண்டுகிற, விரும்பத்தகாத உணர்வு. தோல் மருத்துவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. சிரங்கைப் பற்றி எழுதும்போதும் ‘இரவில் எரிச்சல் அதிகமாகும்’ என்று போட்டிருக்கிறீர்கள். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் ராத்திரியானால் கூடுகிற அரிப்புதான் சிரங்கின் முக்கிய அடையாளம். எரிச்சல் என்று படிப்பவர், ‘நமக்கு எரியவில்லையே, அரிக்கத்தானே செய்கிறது’ என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். அதற்குள் அது வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றியிருக்கும். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து பூச வேண்டியிருக்கும்.

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? நமைச்சல், ஊறல், தினவு, அரிப்பு என்று வரிசையாக இருக்கின்றன. லேசாக நமநமவென்று இருந்தால் நமைச்சல் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தினவைத் தோள்களுக்கு விட்டுவிடலாம். தினவெடுத்த தோளுக்கு யாரும் களிம்பு தேடுவதில்லை. சொறி என்பதில்தான் சிக்கல். அது நோயையும் குறிக்கிறது, நகத்தால் கீறும் செயலையும் குறிக்கிறது. போதாததற்கு வசையாகவும் ஆகிவிட்டது. நோயாளி கூச்சப்படாமல் படிக்க வேண்டுமென்றால் நோய்க்குச் சிரங்கு என்றே எழுதலாம்.

பொதுவாக எழுத அரிப்புதான் சரி. கடல் கரையை அரிக்கிறது, கறையான் கதவை அரிக்கிறது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பவர் நம்மை நச்சரிக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாள்பட்ட அரிப்போடு வாழ்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நாள்பட்டது என்றதும் கட்டுரையில் விடுபட்ட ஒன்று நினைவுக்கு வருகிறது. தோலில் தடிப்போ பருக்களோ இல்லாமலே உடம்பெல்லாம் அரிக்கலாம். சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளிலும் இப்படி வருவதுண்டு. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட அரிப்பு. ஒவ்வாமை மாத்திரை எல்லா அரிப்புக்கும் கேட்காது. காரணம் என்னவென்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இதையும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்