ரசீதில் அந்த ‘பீப்’ ஒலியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூரில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்தி வருகிறேன். தட்டச்சுப் பொறிகளோடு மூன்று மேசைக் கணினிகளும் இப்போது பயிலகத்தில் உள்ளன. பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சு பழகுவதும், அக்கம்பக்கத்தினர் கேட்டு வரும் விண்ணப்பங்களை நான் அடித்துக் கொடுப்பதும் அவற்றில்தான். அவற்றுள் ஒன்று இரண்டு முறை பழுதானதைப் பற்றியும், பழுது நீக்கும் கடைகள் தரும் ரசீதில் ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு பணமும் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும் என்பதைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கடந்த சித்திரையில் ஒரு நாள் காலை பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமான ‘பீப்’ ஒலி விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தும் பயனில்லாததால், பெட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் மாட்டுத்தாவணி வந்திறங்கி, மதுரை நகருக்குள் ஒரு கடையில் கொடுத்தேன். அங்கே வாங்கி வைத்தவர் ரசீதில் எழுதியது ‘ஆன் ஆகவில்லை’ என்ற இரண்டு சொற்களைத்தான். ஒலி வருகிறதா என்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், ‘மதர்போர்டு போயிருச்சும்மா’ என்று தொலைபேசியில் தகவல் வந்தது. கணினியின் மற்றப் பாகங்கள் வந்து பொருந்தும் முதன்மைப் பலகைதான் மதர்போர்டு. வேறு மதர்போர்டு மாற்றி 5,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பழையதைக் கேட்டபோது, அது குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள்.

ஆவணியில் அதே ஒலி மீண்டும் வந்தது. இம்முறை பெட்டியைத் தூக்குவதற்கு முன், கணினிப் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் என் பழைய மாணவனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, ‘எத்தன தடவ சத்தம் வருது டீச்சர்? நீளமா வருதா, வெட்டி வெட்டி வருதா?’ என்பதுதான். கைப்பேசியைப் பெட்டியின் அருகில் பிடித்தேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு, ரேம் என்னும் நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் விளிம்பில் உள்ள பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, மறுபடியும் மாட்டச் சொன்னான். பத்து நிமிட வேலை. கணினி எழுந்துகொண்டது; இன்று வரை ஓடுகிறது.

தட்டச்சுப் பொறியில் வரி முடியப் போகும் இடத்தில் மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்டவுடன் கை தானாக நெம்புகோலுக்குப் போக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். என் மேசை மீதே இருந்த இன்னொரு பொறி ஒலி எழுப்பியபோது அதை வெறும் இரைச்சலாக எண்ணிவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஒலி ஒரு முறையான அறிக்கை. மின்சாரம் வந்தவுடன், விண்டோஸ் போன்றவை தொடங்குவதற்கு முன்பே, மதர்போர்டில் உள்ள பயாஸ் என்னும் சிறு நிரல், நினைவகம், திரைக்குப் படம் அனுப்பும் திரை அட்டை, விசைப்பலகை முதலியவை ஒழுங்காக உள்ளனவா என்று தானே சோதித்துப் பார்க்கிறது. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினியிலேயே இந்தத் தற்சோதனை இருந்தது. குறை தென்பட்டால் திரையில் எழுதிக் காட்டலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் திரையே உயிர் பெற்றிருக்காது என்பதால்தான் ஒலியால் சொல்கிறது. பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடநூலில்கூட இச்சோதனையைப் பற்றிச் சில வரிகள் உண்டு. மதிப்பெண்ணுக்காக அதை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பெட்டியைத் திறந்து, ரேமைக் கழற்றி, அந்த ஒலியைக் காதால் கேட்டிருப்பார்கள்?

ஒலியின் பொருள் எல்லாக் கணினிக்கும் ஒன்றல்ல என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பயாஸைத் தயாரிக்கும் நிறுவனத்தைப் பொறுத்து அது மாறும். அவார்டு பயாஸில் நீளமாக ஒன்றும் குறுகலாக இரண்டும் வந்தால் திரை அட்டையில் கோளாறு. நீண்ட ஒலி ஓயாமல் திரும்பத் திரும்ப வந்தால் நினைவகத்தைப் பார்க்க வேண்டும். ஏஎம்ஐ பயாஸில் ஒன்று முதல் மூன்று வரையிலான ஒலிகள் நினைவகத்தையும், எட்டு ஒலிகள் திரை அட்டையின் நினைவகத்தையும் சுட்டும். அதே ஏஎம்ஐயில் ஐந்து ஒலி என்றால், கணினியின் மூளையான பிராசஸரில் கோளாறு. டெல் நிறுவனத்தின் மேசைக் கணினிகள் பலவற்றில் ஐந்து ஒலி என்றால், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கக்கூடிய சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒரே எண்ணிக்கை, ஒரு பெட்டியில் சில பத்து ரூபாய்ச் செலவு, இன்னொரு பெட்டியில் சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. எனவே எண்ணிக்கையோடு மதர்போர்டின் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால்தான் பயன்.

மேலும், ஒலி எழுப்பும் கணினி முற்றிலும் செத்துப்போன கணினி அன்று. பயாஸ் நிரலை இயக்குவது பிராசஸர்தான். அதற்கு இடம் கொடுப்பது மதர்போர்டுதான். இரண்டும் ஓரளவாவது வேலை செய்தால்தான் அந்த ஒலியே வெளியே வரும். ரேமை முழுவதுமாகக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது பழுது நீக்குவோரின் பழைய சோதனை: அப்போது முறையிட்டு ஒலித்தால் போர்டுக்கு உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். ரேம் மாட்டும் பள்ளமோ, போர்டின் மேல் உள்ள மின்தேக்கிகளோ கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால், சித்திரையில் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் வேறு மதர்போர்டு பொருத்தும் எவரும் ரேமைக் கழற்றித்தான் மறுபடி மாட்டியாக வேண்டும். நோய் எதனால் தீர்ந்தது, போர்டு மாறியதாலா, கழற்றி மாட்டியதாலா? பழைய போர்டு கையில் இருந்திருந்தால் அதை வேறொருவரிடம் காட்டிக் கேட்டிருப்பேன்.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ரப்பரால் தேய்த்ததற்கு முந்நூறு ரூபாயா என்று சண்டைக்குப் போகிறவர்கள் நாம்தான். பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவுக்குக் காசு கொடுக்க மனம் வராமல், மாற்றிய பொருளுக்கு மட்டுமே கொடுப்போம் என்றால், பொருளை மாற்றத்தான் செய்வார்கள். முந்நூறு கேட்டிருந்தால் சித்திரையில் நானும் முணுமுணுத்திருப்பேன். 5,800 கொடுத்தபோது முணுமுணுக்கவில்லை. பரிசோதனைக் கட்டணம் இவ்வளவு என்று பலகையில் எழுதிப்போட்டு வாங்கும் கடைக்கு அதை மறுக்காமல் கொடுக்க நாம் பழக வேண்டும்.

நம் பகுதிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். புழுதியும் வெயிலும் பெட்டிக்குள்ளும் புகும். சூடேறி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமாக இருக்கும் இணைப்புகள் நாளடைவில் தளர்கின்றன. பொன்னிறப் பட்டைகளில் அழுக்குப் படிகிறது. போதாக்குறைக்கு எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறுகின்றன. பல வீடுகளில் மூன்று முனைச் செருகி இருந்தும் எர்த் இணைப்பு இருப்பதில்லை. பெட்டியைத் தொட்டால் ‘சுருக்’கென்று இழுப்பதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். கணினியைக் குறை சொல்வதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைப்பது நல்லது.

வீட்டிலேயே முயல்வோருக்கு, நான் செய்ததைச் சொல்கிறேன். மின் செருகியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடிய விட்டேன். உடலில் உள்ள நிலைமின்சாரம் ரேமைக் கெடுக்காமலிருக்க, பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டேன். ரேமின் முனைகளில் உள்ள கொக்கிகளை விலக்கி, பலகையை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்து, தேய்த்த ரப்பர்த் துகள்களை உலர்ந்த தூரிகையால் தட்டினேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் படும். பலகையில் உள்ள வெட்டும் பள்ளத்தில் உள்ள தடுப்பும் நேர்ப்பட வைத்து, கொக்கி ‘டிக்’கென்று பிடிக்கும் வரை அழுத்த வேண்டும். டிடிஆர் 3 வகை ரேம் பலகை டிடிஆர் 4 வகைக்கான பள்ளத்தில் பொருந்தாது. பொருந்தாததை அமுக்கினால் உடையும். இரண்டு ரேம் இருந்தால், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் கெட்டது எதுவென்று தெரிந்துவிடும். கணினிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஒலியே வராத கணினிகளும் உள்ளன. புதிய மதர்போர்டுகள் பலவற்றுடன் ஒலிபெருக்கித் துண்டு வருவதில்லை. சிலவற்றில் அதற்குப் பதிலாகச் சிறு விளக்குகள் எரிந்து காட்டுகின்றன. அவற்றுக்கு, எந்த விளக்கு எரிந்தது என்பதை எழுதிக்கொண்டால் போதும்.

நான் கேட்பது இதுதான். கணினியை வாங்கி வைக்கும்போது வாடிக்கையாளரின் எதிரிலேயே ஒரு முறை மின்சாரம் கொடுத்து, என்ன ஒலி, எத்தனை முறை, நீளமா குறுகலா என்று ரசீதில் எழுதுங்கள். மாற்றிய பாகத்தை, வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்னாலொழிய, திருப்பிக் கொடுங்கள். பில் கேட்டால் ஜிஎஸ்டி கூடும் என்று சொல்லிச் சமாளிக்காமல் பில் கொடுங்கள். விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் பில் தர மறுப்பதை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மதுரையில் உள்ள கணினி விற்பனையாளர்களும் பழுது நீக்குவோரும் கூடிப் பேசி, இந்த ஒரு வரியை ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்துக்கொண்டால், நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் அது முதலில் நன்மை.

என் பயிலகத்தின் மூன்று பெட்டிகளின் பக்கவாட்டிலும் மதர்போர்டின் பெயரையும் ரேமின் வகையையும் தட்டச்சு செய்து ஒட்டி வைத்துவிட்டேன். அடுத்து எது ஒலித்தாலும், அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டுதான் மாட்டுத்தாவணிக்குப் பேருந்து ஏறுவேன்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிலக ஆசிரியை,
மேலூர், மதுரை மாவட்டம்.