உருளைக்கிழங்கு பீரங்கி: அழுத்தம் அல்ல, வால்வுதான்

அன்பு நண்பா,

உன் கடிதமும், நீ பென்சிலில் வரைந்து அனுப்பிய படமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது செய்தித்தாளைத் தானே படிக்கிறார். பெரியவள் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். உன் படத்தை என்னைவிட அவள்தான் அதிக நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், கேட்கச் சந்தோஷமாக இருந்தது. சரி, நீ செய்யப் போகும் பீரங்கிக்கு, அதாவது அழுத்தக் காற்றால் உருளைக்கிழங்கைக் குழல் வழியே தூர எறியும் கருவிக்கு வருகிறேன்.

தொட்டியில் 4 பார் காற்றழுத்தத்தில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தூரம் போதவில்லை என்றால் 8 பார் வரை ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். உன் படத்தில் குறை அழுத்தத்தில் இல்லை, தொட்டியின் காற்றைக் குழலுக்குள் திறந்துவிடும் வால்வில் இருக்கிறது. அதை மாற்றினால் 4 பாரே தாராளம்.

நீ எழுதிய அளவுகளை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழலின் உள்விட்டம் 5 சென்டிமீட்டர், நீளம் ஒன்றரை மீட்டர், அதாவது கொள்ளளவு ஏறக்குறைய 3 லிட்டர். காற்றுத் தொட்டியும் 3 லிட்டர்தான். இந்தப் பொருத்தம் நன்றாகவே இருக்கிறது, தொட்டியை இன்னும் பெரிதாக்கினால் வேகம் கொஞ்சம் கூடும், காற்றுதான் நிறைய வீணாகும். 4 பாரில் கிழங்கின் முதுகில் விழும் விசை 785 நியூட்டன், கிட்டத்தட்ட 80 கிலோ எடை. கிழங்குத் துண்டு 150 கிராம் என்று வைத்துக்கொள். உராய்வும் கசிவும் இல்லாமல், வால்வும் கண நேரத்தில் திறந்துவிட்டால் காற்று கொடுக்கும் ஆற்றல் சுமார் 600 ஜூல். அதில் பாதிதான் கிழங்குக்குப் போய்ச் சேருகிறது என்றாலும் நொடிக்கு 60 மீட்டருக்கு மேல் வேகம் வருகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

இப்போது நேரத்தைப் பார். அந்த வேகத்தில் கிழங்கு குழலுக்குள் இருப்பது நொடியில் நூறில் மூன்று நான்கு பங்குதான். நீ வரைந்திருப்பது கைப்பிடி உள்ள பால் வால்வு (ball valve), துளையுள்ள ஒரு உருண்டையைத் திருப்பித் திறப்பது. எவ்வளவு வெடுக்கென்று திருப்பினாலும் அது முழுக்கத் திறக்க அதைவிட நேரம் பிடிக்கும். கால்வாசி திறந்ததுமே காற்று இடுக்கு வழியாகக் கசிந்து போய்க் கிழங்கை நகர்த்த ஆரம்பித்துவிடும். வால்வு முழுக்கத் திறக்கும்போது கிழங்கு வெளியே போயிருக்கும், மீதிக் காற்று அதன் பின்னால் சும்மா ஓடும். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினாலும் இதே கதைதான், வீணாவதும் இரண்டு மடங்காகும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும், மின்சாரத்தால் திறக்கும் சோலினாய்டு வால்வைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். மின்சுருளைக் கழற்றிவிட்டு, காற்றடிக்கும் துப்பாக்கியை அங்கே பொருத்தி, உள்ளே இருக்கும் சவ்வை மின்சாரம் இல்லாமலே சட்டென்று தூக்க வைப்பார்கள். பால் வால்வோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் கடைசல் மெஷின் கைவசம் இருக்கும் உனக்கு நான் சொல்வது பிஸ்டன் வால்வு.

அது வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை. குழலின் பின்முனை தொட்டிக்குள்ளேயே நீண்டு வந்து நிற்கிறது. அதன் வாயை ஒரு பிஸ்டன் மூடியிருக்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. காற்றை அந்த அறைக்குள்தான் ஏற்றுவோம். அது பிஸ்டனைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியில் கசிந்து தொட்டியையும் நிரப்பும். இரு பக்கமும் ஒரே அழுத்தம்தான். ஆனால் பின்பக்கம் பிஸ்டனின் முழு வட்டமும் அழுத்தம் வாங்குகிறது, முன்பக்கமோ குழல் வாய்க்கு வெளியே இருக்கும் வளையம் மட்டும்தான் வாங்குகிறது. ஆகவே மூடியபடியே நிற்கும். இப்போது பின் அறையின் காற்றை ஒரு சிறு வால்வு வழியே வெளியே விட்டால், வளையத்தின் மேல் உள்ள அழுத்தம் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஒரு மயிரிழை நகர்ந்ததுமே முன்முகம் முழுவதும் அழுத்தம் பாய்ந்து, பிஸ்டன் பின்னால் போய் மோதும். நம் விரல் திறப்பது சின்ன வால்வை, பெரிய வாயைத் திறப்பது காற்றேதான். மோதும் இடத்தில் ரப்பர் வைக்க மறக்காதே. பின் அறை சிறிதாகவும் அதன் வெளியேறும் வழி பெரிதாகவும் இருக்கட்டும், இதில்தான் வேகம் இருக்கிறது.

அடுத்து நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. தொட்டிக்குப் பி.வி.சி. பைப் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம். பைப்பின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்தம் தண்ணீருக்கானது, அதுவும் ஏறக்குறைய 23 டிகிரி வெப்பத்தில். 60 டிகிரிக்குப் போனால் அதில் நாலில் ஒரு பங்கு கூட மிஞ்சாது, வெயிலில் கிடக்கும் பைப் எவ்வளவு சுடும் என்று உனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், தண்ணீர் சுருங்குவதில்லை, காற்று சுருங்கும். உன் 3 லிட்டர் தொட்டியில் 4 பாரில் தண்ணீர் இருந்து விரிசல் விட்டால் வெளியே வரும் ஆற்றல் ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்குதான், கொஞ்சம் நனைவோம். அதே தொட்டியில் காற்று இருந்தால் சுமார் 700 ஜூல். பி.வி.சி. கிழிவதில்லை, கண்ணாடி மாதிரிச் சிதறும். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988லேயே அழுத்தக் காற்றுக்கு இந்த பைப்பைத் தரைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. சின்ன கம்பிரசரின் இரும்புத் தொட்டி ஒன்றைப் பார். காற்றுக்கென்றே செய்தது, அழுத்த அளவும் அதன் மேல் பொறித்திருக்கும். அழுத்தம் காட்டும் கேஜும், அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வும் கட்டாயம். எல்லாம் பூட்டி முடித்ததும் முதலில் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதித்துவிடு.

கிழங்கைப் பொறுத்தவரை, குழலின் முன்வாய் விளிம்பை வெளிப்பக்கமாகச் சாய்த்துச் சீவினால் போதும். கிழங்கை அதன் மேல் வைத்து அழுத்தும்போது வாய்க்கு அளவெடுத்த மாதிரி துண்டு வெட்டுப்படும், சாறே வழுக்கலுக்கும் உதவும். குச்சியால் உள்ளே தள்ளும்போது தொட்டியில் துளி அழுத்தக் காற்றும் இருக்கக் கூடாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு தகவல்: 1898 ஸ்பானிய-அமெரிக்கப் போரில் வெசூவியஸ் என்ற அமெரிக்கக் கப்பலில் 15 அங்குல வாயுள்ள மூன்று காற்றுப் பீரங்கிகள் இருந்தன. வெடிமருந்தின் அதிர்ச்சியைத் தாங்காத டைனமைட்டை மெதுவாகத் தள்ளுவதற்குக் காற்றுதான் சரி என்று வைத்தார்கள். குழல்கள் கப்பலோடு நிலையாகப் பதிந்திருந்ததால் குறி பார்க்கக் கப்பலையே திருப்ப வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்த ஹோல்மன் புரொஜெக்டர் என்ற கருவியில் மாலுமிகள் உருளைக்கிழங்கையே வைத்துச் சுட்டிருக்கிறார்கள். பெரியவளுக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

சுடும் இடம் ஆள் நடமாட்டமே இல்லாத வெட்டவெளியாக இருக்கட்டும். அந்த வேகத்தில் 150 கிராம் கிழங்கு ஒரு ஆளைக் கொல்லும், ஆகவே காற்று ஏறியபின் குழலுக்கு முன்னால் யாரும் வரக் கூடாது. சில நாடுகளின் சட்டம் இதை ஆயுதமாகவே கணக்கில் எடுக்கும். பைப் வாங்கும் முன் அதையும் விசாரித்துவிடு.

பிஸ்டனுக்கு என்ன பொருள் எடுக்கப் போகிறாய் என்று எழுது. நைலான் உருளை கிடைத்தால் அதுவே நல்லது, எடை குறைவு, கடைவதும் சுலபம். பிஸ்டன் மூடும் பின்முனையில் குழலின் வெளிவிட்டத்தையும் அளந்து அனுப்பு, வளையத்தின் பரப்பு போதுமா என்று நானும் பெரியவளும் சேர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
உன் நண்பன்