80 கண்ணி யார் தலைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தடித்த உல்லன் நூலில் ரிப் குல்லா (மேடும் பள்ளமுமாக வரி வரியாக வரும், இழுத்தால் விரியும் பின்னல்) பின்னுவது எப்படி என்று உங்கள் வார இணைப்பிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். பின்னல் வேலைக்கு ஒரு பக்கம் முழுசாக ஒதுக்கியதற்கு நன்றி, படமும் நன்றாகவே இருந்தது. ஆனால் அதைப் பார்த்து ஊசி எடுத்த பலருக்குக் குல்லா மூக்கு வரை இறங்கியிருக்கும். காரணம் ஒரே ஒரு வரி: "தடித்த நூலில் 80 கண்ணி ஏற்றிக்கொள்ளவும்." கண்ணி என்பது ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையம்.

எந்தத் தடித்த நூல் சார்? லேபிளில் நூல்கண்டு படம் போட்டு அதன்மேல் ஓர் எண் கொடுத்திருப்பார்கள், 0 முதல் 7 வரை போகும், எண் ஏற ஏற நூல் தடிக்கும். அதில் 5, 6 இரண்டையுமே பேச்சில் சங்கி நூல் என்றுதான் சொல்கிறோம், இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. 5 எண் நூலை 6 மி.மீ. ஊசியில் ரிப்பாகப் பின்னி லேசாக இழுத்து அளந்தால் 10 செ.மீ.க்குச் சுமார் 16 கண்ணி இருக்கும். 6 எண் நூல், 10 மி.மீ. ஊசி என்றால் 10 கண்ணிதான். இப்போது அந்த 80-ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் 50 செ.மீ. சுற்றளவு, இரண்டாவதில் 80 செ.மீ.! பெரியவர்கள் தலை பெரும்பாலும் 54 முதல் 60 செ.மீ.க்குள் அடங்கிவிடும். முதல் குல்லா கச்சிதமாக உட்காரும், இரண்டாவதை யார் போட்டுக்கொள்வது?

அதனால் கண்ணி எண்ணிக்கையை மட்டும் அச்சிடாதீர்கள், அது எந்த நூலுக்கு, எந்த ஊசிக்கு, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வந்த கணக்கில் சொன்னது என்பதையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இரண்டு வரி இடம்தான் பிடிக்கும். ஒருவர் இறுக்கிப் பின்னுவார், இன்னொருவர் தளர்த்திப் பின்னுவார், ஒரே நூல் ஒரே ஊசியிலும் இரண்டு பேருக்கு இரண்டு அளவு வரும், ஆகவே முதலில் 20, 24 கண்ணியில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்துக் காயவைத்து, நடுப்பகுதியில் அளந்து பார்த்துவிட வேண்டும். அந்த மாதிரித் துண்டையும் ரிப்பிலேயே பின்னுங்கள். சாதாரணப் பின்னலில் அளந்துவிட்டு ரிப் குல்லாவுக்குக் கணக்குப் போட்டால் அது சேராது.

ரிப் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். கண்ணி இரண்டு வகை, நிட், பர்ல், ஒன்றின் மறுபக்கம்தான் மற்றது. நிட் கண்ணி முன்னால் எழும்பி நிற்கும், பர்ல் கண்ணி பின்னால் பதுங்கும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போகும்போது துணி தானாகவே மடிந்து சுருங்குகிறது, இழுத்தால் விரிகிறது, விட்டால் பழைய இடத்துக்கு வருகிறது. குல்லா தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இந்தச் சுருக்கத்தால்தான், அதனால்தான் தலை அளவைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பின்னுகிறோம். 56 செ.மீ. தலைக்கு 50 செ.மீ. போதும். 16 கண்ணிக் கணக்கில் அது 80, 10 கண்ணிக் கணக்கில் 50. ஆனால் 50 நாலால் வகுபடாது, ஆகவே 48 அல்லது 52. 50-ஐ வைத்தே தையல் இல்லாமல் வட்டமாகப் பின்னினால், சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நான்கு நிட் கண்ணி பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, உச்சி வரைக்கும் பட்டையாகத் தெரியும்.

வட்ட ஊசி (வளையும் கம்பியால் இணைந்த இரண்டு முனை ஊசி) இல்லாதவர்களைக் குறிப்பு மறந்தே போய்விட்டது. இரண்டு நேர் ஊசியில் தட்டையாகப் பின்னி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. அப்படிச் செய்பவர்கள் நாலின் மடங்கோடு இரண்டு கண்ணி கூட்டிக்கொள்ள வேண்டும், அதாவது 80-க்குப் பதில் 82. வரிசையை இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு நிட்டிலேயே முடியுங்கள். திருப்பும்போது இரண்டு பர்லில் தொடங்கி இரண்டு பர்லில் முடிப்பீர்கள். தைக்கும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணி உள்ளே போய்விடும், மீதி ஒவ்வொன்றும் சேர்ந்து ஒரு முழு நிட் வரியாகிவிடும், தைத்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வட்டமாகப் பின்னுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, முதல் சுற்றைச் சேர்க்கும்போது கண்ணி ஏற்றிய ஓரம் ஊசியில் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும், முறுக்கினால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்பக்கம் கொண்டுவர வேண்டும், பர்லிலிருந்து நிட்டுக்குத் திரும்பும்போது பின்பக்கம். ஊசிக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுபோனால் ஒரு கண்ணி கூடிவிடும், ஓட்டையும் விழும். தடித்த நூலில் அந்த ஓட்டைக்குள் விரலே நுழையும். எண்ணிக்கை எப்படி ஏறியது என்றே தெரியவில்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கண்ணி ஏற்றுவதைத் தளர்வாகச் செய்யுங்கள். ஓரம் இறுகிவிட்டால் மேலே ரிப் எவ்வளவு நன்றாக விரிந்தாலும் பயனில்லை, நெற்றியில் கோடு விழும். அதற்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குல்லா முழுவதையும் பெரிய ஊசியில் பின்னாதீர்கள். சீக்கிரம் முடியும் என்பது உண்மை, ஆனால் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி விட்டால் காற்று நேராக உள்ளே வரும், அப்புறம் தடித்த நூல் வாங்கியதற்கு அர்த்தமே இல்லை. கதகதப்பைத் தருவது நூலுக்குள்ளும் ரிப்பின் மடிப்புக்குள்ளும் சிக்கி நிற்கும் காற்று, அது அசையாமல் நிற்க வேண்டும். லேபிளில் சொன்னதைவிட ஒரு அளவு சிறிய ஊசிதான் என் சிபாரிசு. கீழே 6 செ.மீ. அளவுக்கு மடித்துவிட்டால் காதுக்கு இரட்டைத் துணி கிடைக்கும், அந்த 6 செ.மீ.யை உயரத்தில் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள்.

உச்சியை முடிக்க உங்கள் குறிப்பு சொன்ன வழிதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எல்லாக் கண்ணியிலும் நூலைக் கோத்து ஒரே இழுப்பில் சுருக்கச் சொல்கிறது. மெல்லிய நூலில் சரி. தடித்த நூலில் 80 கண்ணி ஓரிடத்தில் குவிந்தால் உச்சியில் ஒரு முண்டுதான் நிற்கும், நடுவில் துளையும் மூடாது. மேலே குஞ்சம் வைத்து மறைப்பது சிலர் வழக்கம். அதைவிடக் கண்ணிகளை முறையாகக் குறைத்துவிடலாம். மடிப்பு வைக்காத குல்லா என்றால் உயரம் 18 செ.மீ. வந்ததும் தொடங்குங்கள். பர்ல் இரண்டையும் ஒன்றாக்கி ஒரு சுற்று, 80 இப்போது 60. குறைக்காமல் ஒரு சுற்று. அடுத்து நிட் இரண்டையும் ஒன்றாக்கினால் 40. மறுபடி குறைக்காமல் ஒரு சுற்று, அதன்பின் இரண்டிரண்டாகச் சேர்த்து 20, இன்னொரு தடவை 10. அந்தப் பத்தில் நூலை இரண்டு முறை ஓட்டி இழுங்கள், துளையே இருக்காது. ரிப் வரிகளும் உச்சி வரைக்கும் வந்து சேரும்.

நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறிப்பில் 'உல்லன்' என்று போட்டுவிட்டுப் படத்தில் காட்டியிருந்த லேபிள் அக்ரிலிக், அதாவது செயற்கை இழை. அக்ரிலிக் மோசம் என்று சொல்லவில்லை, கம்பளி உறுத்துகிற தோலுக்கு அதுதான் சரி, துவைப்பதும் சுலபம். ஆனால் ஆட்டுக் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்ததாகக் காட்டாது, அக்ரிலிக்குக்கு அது வராது. பராமரிப்பும் வேறு. கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் மேலிருக்கும் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக் குல்லா சுருங்கி இறுகிவிடும், அதை மீட்க முடியாது. அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ரிப் தொய்ந்து போகும், அதையும் மீட்க முடியாது. வாசகருக்கு எது கையில் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

80 கண்ணி ஏற்றிப் பெரிதாகப் பின்னி முடித்துவிட்டவர்கள் குல்லாவை மூலையில் போட்டுவிடாதீர்கள். உச்சி முடிச்சை அவிழ்த்துப் பிரித்து, நூலை நாற்காலி முதுகில் சுற்றிக் கழற்றி, ஆறிய தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் சுருள் போய்விடும். 6 எண் நூலாக இருந்தால் 52-ல் ஆரம்பியுங்கள், குறைப்பும் அதே வரிசையில் 39, 26, 13 என்று போகும், 13 வந்ததும் நூலை ஓட்டி இழுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி