டிராயரில் கிடக்கும் செபமாலை

அன்புள்ள கூட்டுக்காரா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கையில் கிடைத்தது. செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு மார்த்தாண்டம் நாள். வீட்டுக்காரியை டயாலிசிஸ் மெஷினில் போட்டுவிட்டால் நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். அங்கே வைத்து மூன்று தடவை படித்தேன். மகன் மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டான், மூன்று வருஷ செபமும் கடலில் கரைத்த பெருங்காயம், செபமாலையை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பழைய ஆளாக இருந்தால் உனக்கு ரெண்டு வசனம் எழுதி அனுப்பியிருப்பேன். நல்லகாலம், அந்த ஆள் இப்போது இல்லை.

அவளுக்கு முன்னைவிட உடம்பு இளைத்திருக்கிறது. ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீருக்கு அளவு. மட்டிப்பழம் கூடாது, இளநீர் கூடாது. வீட்டுக்குப் பின்னால் தென்னையில் குலை குலையாகக் கிடக்கிறது, அவள் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. மெஷினுக்காக இடது கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஒரு அதிர்வு ஓடும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு போட்டின் பலகையில் கை வைத்தால் தெரியுமே, அச்சு அசல் அது. ராத்திரி அவள் தூங்கின பிறகு தொட்டுப் பார்ப்பேன். ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம்தான் எனக்குத் தூக்கம்.

நாலு வருஷமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நவநாள், நேர்ச்சை, ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. போன மாசம் செபக்கூட்டத்திலிருந்து ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கட்டன்சாயா குடித்துவிட்டு, "விசுவாசத்தோட கேட்டா அவர் தராம இருக்கமாட்டாரு" என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் அதை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். கேட்டது என் வாயிலிருந்துதான்.

2017 ஒக்கிப் புயல் உனக்குத் தெரியும், ஆனால் நீ அப்போது ஊரில் இல்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். நவம்பர் 30 அந்திரேயாவின் திருநாள் வேறு. வலை போட்டுப் பிழைத்த அப்போஸ்தலர். அன்றைக்குத்தான் காற்று ரப்பரையும் வாழையையும் அடியோடு சாய்த்துவிட்டுக் கடலுக்குள் இறங்கியது. கரண்ட் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, எந்தக் கரையிலும் அழுகை. தம்பி சுறாவுக்குப் போன போட்டில். கோவிலில் ராத்திரி பகல் பார்க்காமல் எல்லாரும் முழங்காலில். டிசம்பர் 2 ராத்திரி போன் வந்தது: போட்டு மகாராஷ்டிராவில் தேவ்கட் கரையில் ஒதுங்கியிருக்கிறது, ஆள் உயிரோடு இருக்கிறான்.

நன்றித் திருப்பலி முடிந்து மைக்கைப் பிடித்தேன். "விசுவாசத்தோட கேட்டேன், ஆண்டவர் தந்தாரு" என்று சாட்சி சொன்னேன். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மாப்பிள்ளை வள்ளத்தில் போனவர். ஒரு மண்ணெண்ணெய் கேன்கூடத் திரும்பி வரவில்லை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் பார்த்தேன், ஆனாலும் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அந்த ரெண்டு பேரும் போன மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். அவளுக்கு முதலில் புரியவே இல்லை. அப்புறம் சொன்னாள்: "அண்ணே, நான் எனக்க மாப்பிளைக்கு மட்டுமா கேட்டேன்? ஒங்க தம்பிக்க பேரையும் சொல்லித்தானே செபமாலை உருட்டினேன். அதுல ஒண்ணு கேட்டிருக்காருன்னு வச்சிருக்கேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் தம்பி பேரைத் தவிர வேறு யார் பேரையும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

"கோபம் இல்லையா?" என்று கேட்டேன். "ஏன் இல்லாம? தெனமும் சண்டைதான். அவருகிட்ட இல்லாம வேற யாருகிட்ட போயி கோவப்பட?" என்று சொல்லிவிட்டு ஒரு சாளையைத் திருப்பிப் போட்டாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் எங்களோடு மார்த்தாண்டம் வருகிறாள். என் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து வெத்திலை போடுவாள். மற்றபடி ஒன்றும் பேசமாட்டாள்.

திருப்பாடல்களில் 88ஐ எடுத்துப் படி. மற்ற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். இது திரும்பாது, இருட்டிலேயே முடியும். அதையும் செபம் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள் பார், அது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலைக்கு நாம் சைக்கிளில் போனது ஞாபகம் இருக்கா? மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டித் தட்டி உன் கை சிவந்துபோனது. விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த தேவசகாயம் பிள்ளைக்குத் தாகம் எடுத்தபோது புலியூர்க்குறிச்சியில் பாறையில் தண்ணீர் வந்தது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். முட்டிடிச்சான் பாறையில் இன்றைக்கும் ஆட்கள் தண்ணீர் எடுக்கிறார்கள். ஆனால் 1752 ஜனவரி 14 அன்று இதே காற்றாடிமலையில் அவர் மேல் பாய்ந்த குண்டை யாரும் தடுக்கவில்லை. புனிதர் பட்டம் 2022இல்தான். தண்ணீர் கொடுத்தவர் ஏன் குண்டைத் தடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. சாமியாரிடம் கேட்டேன். அவரும் இல்லை என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

மகன் விஷயம்: நீ கேட்கிற மாதிரி நாளைக்கே நிறுத்திவிடுவான் என்று நான் எழுதமாட்டேன். குடியை விடவைக்கும் டாக்டர்மார் இருக்கிறார்கள், ஒருத்தரிடம் கூட்டிப்போ. அவனிடம் முகம் கொடுத்துப் பேசு. எங்கள் வீட்டில் இப்போது ராத்திரி அவன் பேரையும் சொல்கிறோம், வீட்டுக்காரி உன் பேரையும் சேர்த்துக்கொள்கிறாள்.

டிசம்பரில் வருவாய் என்றால் முன்னாடியே சொல்லு. 3ஆம் தேதி கோட்டாறு போகலாம், செவ்வாய் வெள்ளியாக இல்லாமல் இருந்தால். அந்த டிராயர் சாவியை மட்டும் எங்கேயும் தொலைத்துவிடாதே மக்கா.

உன்
பழைய கூட்டுக்காரன்