தெற்கே தேங்கும் மணலை வடக்கே சேர்த்துத் தாருங்கள்

புதுச்சேரி, தமிழ்நாடு அரசுகளில் கடற்கரைப் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றிருக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

புதுச்சேரிக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் சின்னமுதலியார்சாவடிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். சென்ற ஐப்பசியில் எங்கள் உறவினர் வீடு ஒன்றின் பாதியைக் கடல் கொண்டுபோயிற்று. மறுநாள் காலையில் அடுப்பங்கரைச் சுவரும், அதில் விளக்கு வைக்கும் மாடமும் மட்டும் கடலைப் பார்த்தபடி நின்றன. வழக்கம்போலக் கருங்கல் கொட்டித் தருவதாகச் சொன்னார்கள். கருங்கல் வேண்டாம், மணல் வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை சாய்வாக வந்து மோதும்போது மணலைக் கரைமேல் சாய்வாக ஏற்றுகிறது. வடியும் நீரோ அதை நேராகக் கீழே இழுக்கிறது. இப்படி ஒவ்வோர் அலைக்கும் ஓரடி ஈரடி என்று மணல் கரையோரமாகவே நடந்துபோகிறது. ஏறத்தாழப் பங்குனி முதல் ஐப்பசி வரை அது வடக்கு நோக்கியும், வாடைக்காற்றுக் காலத்தின் சில மாதங்கள் தெற்கு நோக்கியும் நகர்கிறது. வரவு செலவு பார்த்தால் ஆண்டு முடிவில் வடக்கே போவதுதான் மிகுதி. ஆகவே ஒரு குப்பத்தின் கடற்கரை என்பது தெற்கேயிருந்து வந்து, சற்றுத் தங்கி, வடக்கே புறப்படும் மணல்தான்.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் இந்த நடையை மறித்தன. தென்புறத்தில், வீராம்பட்டினம் பக்கம், மணல் சேர்ந்தது. வடபுறத்தில் நகரக் கடற்கரையின் மணற்பரப்பு அழிந்து கல்மேடு மட்டும் மிஞ்சியது. இது எதிர்பாராமல் நேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானத்துக்குப் பின் அதன் தெற்கே மெரினா அகன்றதையும், வடக்கே இராயபுரம் அரிக்கப்பட்டதையும் அதற்கு நூறாண்டுக்கு முன்பே நாம் கண்டுவிட்டோம்.

அரிப்பு வந்த இடத்தில் எல்லாம் நாம் கல்லையே கொட்டினோம். மணற்சரிவில் ஏறும் அலை தன் வேகத்தைச் சிறிது சிறிதாக இழக்கும். கற்சுவரில் மோதும் அலையோ அவ்வளவாக வேகம் குறையாமல் திரும்பி, சுவரின் அடிமணலைத் தோண்டும். அடி தோண்டப்பட்ட கற்கள் புதைய, மேலே மீண்டும் கற்கள் வரும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று சுவர் நீள நீள, அது முடியும் இடத்துக்கு வடக்கே அடுத்த ஊர் அரிக்கப்பட்டது. எல்லை தாண்டி, தந்திராயன்குப்பத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் தூண்டில் வளைவுகள், அதாவது மணலைப் பிடிக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய கல்வரிசைகள், வந்தபோதும் நடந்தது அதுவே: வளைவுக்குத் தெற்கே கொஞ்சம் மணல், வடக்கே பொம்மையார்பாளையம் வரை கண்ணீர். ஓர் ஊரைக் காப்பாற்ற அடுத்த ஊரின் மணலைப் பிடித்து வைக்கிறோம் என்பதை அந்த ஊர்க்காரர்களே அறிவார்கள். குப்பங்களுக்கிடையே மனத்தாங்கல் வருவதும் இதனால்தான். சுவர் வந்த குப்பத்தில் கரைவலை இழுக்க இடமில்லை. ஃபைபர் படகின் அடி கல்லில் உரசாதிருக்கப் பழைய டயர்களை வரிசையாகப் போட்டு இழுக்கிறார்கள்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து படகுகள் தரைதட்டுவதும் உங்களுக்குத் தெரிந்ததே. அங்கே தூர்வாரப்படும் மணலும் இங்கே இல்லாமற்போன மணலும் வேறு வேறல்ல. அதை வடக்கே கொண்டுவந்து கரையோர அலையில் சேர்த்தால் இரு துன்பமும் ஒருசேரக் குறையும். 2018 வாக்கில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலடியில் தடுப்பு அமைத்த பின் அவ்விடத்தில் மணற்கரை திரும்பியதை நகர மக்கள் மகிழ்ச்சியோடு பார்த்தார்கள். ஆனால் அதுவும் ஓரிடத்தில் மணலைத் தங்கவைக்கும் வழிதான். வடக்கே உள்ள ஊர்களுக்கு மணல் வரத்து வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தின் தெற்கே தேங்கும் மணலை 2001 முதல் குழாய்வழியே வடபுறக் கடற்கரைகளுக்கு அனுப்பி வருகிறார்கள். அங்கும் முகத்துவாரம் ஒரு மாநிலத்தில், மணல் சேரவேண்டிய கரை இன்னொரு மாநிலத்தில். நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் சேர்ந்தே அப்பணியை நடத்துகின்றன.

அதுபோல இரு அரசுகளும் கூட்டாக ஒரு பொறுப்பமைப்பை ஏற்படுத்துங்கள். அரியாங்குப்பம் முதல் பொம்மையார்பாளையத்துக்கு வடக்கு வரை ஒரே கரையாகக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் எவ்வளவு மணல் வடக்கே கொண்டுசேர்க்கப்பட்டது என்பதைக் குப்பத்துப் பஞ்சாயத்துகளுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மணலை மாசிக் கடைசிக்குள் வடபுறத்தில் சேர்த்தால், பங்குனியில் தொடங்கும் நீரோட்டம் அதைச் சோலைநகருக்கும் எங்கள் ஊருக்கும் செலவில்லாமல் கொண்டுவந்து தரும். அதுவரை எங்கள் ஊருக்கென ஒதுக்கியிருக்கும் கற்களை இறக்காதீர்கள்.